நோன்பு நாளில் சீனி

“அத இஞ்ச வச்சிட்டு வாங்க” என்றான் பாயிஸ்.

முஹம்மது தம்பி காது கேளாதவரைப் போலச் சாரத்தை இறுக்கிக் கட்டி, அதன் மேல் அகலமான இடுப்புவாரைப் பூட்டினார். வாரில் ஒரு பை தைத்திருந்தது. பைக்குள்ளே கடதாசியில் சுற்றிய சீனி.

“உங்களோடதான் கதைக்கிறன்.”

“கேட்டிச்சு.”

“கேட்டா எடுத்து வைங்க. வாறதெண்டா வெறுங்கையோட வாங்க. இல்லாட்டி வராமலே விடுங்க. நான் என்ன மடியில கிடக்கிற பிள்ளையா?”

குசினி வாசலில் நின்ற உம்மு குல்சும் மகனுக்குத் தெரியாமல் புருஷனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எடுக்காதீங்க என்பது அதற்கு அர்த்தம். முஹம்மது தம்பி எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பின்னால் வந்த பாயிஸ் வாசல் படலையை அடித்துச் சாத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன.

கூப்பனுக்குச் சீனி கொடுத்த காலம் அது. கிண்ணியாவில் பல வீடுகளில் பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தார்கள். முஹம்மது தம்பியின் வீட்டில் மட்டும் குடும்பத்துக்குக் கிடைத்த சீனி முழுவதும் ஒரு தகரப் பேணிக்குள் போய்விடும். அதில் கை வைக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. மகள் ஸுல்பிகாகூட அந்தப் பக்கம் போகமாட்டாள். ஏனென்று கேட்டவர்களுக்கு உம்மு குல்சும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொன்னாள். உண்மையை மாத்திரம் சொன்னதில்லை.

உண்மை இதுதான். முஹம்மது தம்பி திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர். அவருடைய மகன் பாயிஸ் படிப்பில் கெட்டிக்காரன். கொழும்பில் புடவைக்கடை வைத்திருந்த உம்மு குல்சுமின் தம்பி கலீலுர் றஹ்மான் அவனைத் தன்னோடு அழைத்துப்போய் இரத்மலானையில் விமானம் ஓட்டப் படிக்க வைத்தான். பையன் தனியாக விமானத்தை ஏற்றி இறக்கினான். இங்கிலீசுச் சோதனைகள் எல்லாவற்றிலும் பாஸ் பண்ணினான். சனம் ஏற்றும் பெரிய விமானம் ஓட்டுகிற லைசன்சுக்கு இனி மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி என்றிருந்த நேரத்தில் உடம்பு வற்றத் தொடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், அடிக்கடி வெளியே போனான். கொழும்பில் ஒரு தனியார் டாக்குத்தர் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம் என்றார். அதிலும் சாகும்வரை நாள்தோறும் ஊசி போட்டாக வேண்டிய வகை. அந்த ஊசி போடுகிறவனுக்கு விமான ஓட்டி வேலை இல்லை. சட்டம் அப்படி.

ஆகவே ஒளித்தார்கள். மாமன் அனுப்பிய ஊசிமருந்துக் குப்பிகளை ஈரமணல் போட்ட பானைக்குள் புதைத்து வைத்தார்கள். முஹம்மது தம்பியின் கூடப்பிறந்த சகோதரிக்கே தெரியாது. பையனுடைய லைசன்ஸ் ஒரு காரணம். ஸுல்பிகாவின் கலியாணம் மற்றக் காரணம். பரம்பரையில் வருத்தம் என்று ஒரு சொல் வெளியே போனால் ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் படலையைத் திறக்கமாட்டார்கள்.

விமான ஓட்டிகளைச் சோதிக்க அதிகாரம் பெற்ற டாக்குத்தர் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை சீனக்குடா விமானத்தளத்துக்கு வந்து போவார். கொழும்பு டாக்குத்தர்கள் துருவுகிற மாதிரி இவர் துருவமாட்டார் என்பது பாயிஸின் கணக்கு. கண், காது, நெஞ்சு பார்ப்பார். சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் நீலமாகவே நின்றால் சரி. பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சலத்தில் சீனி. அந்த நீல மருந்தைப் பாயிஸும் வாங்கி வந்து பின்வளவில் வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தான். விடியற்காலை ஊசியைக் கூடப் போட்டு, ஒன்றும் தின்னாமல் போனால் நீலம் மாறுவதில்லை. நோன்பு மாதம் என்பதால், பையன் ஏன் சாப்பிடவில்லை என்று ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஆனால் ஊசி கூடிச் சாப்பாடு குறைந்தால் அவனுக்கு என்ன நடக்கும் என்பதை முஹம்மது தம்பி கண்ணால் கண்டவர். உடம்பில் சீனி இறங்கிவிடும். முதலில் வியர்வை. பிறகு கண் ஒரு இடத்தில் நிலைக்காது. பிறகு தாயையும் தெரியாது, தகப்பனையும் தெரியாது. ஒருமுறை கோப்பையை உம்மு குல்சுமின் முகத்துக்கு எறிந்தான். அன்றைக்கு அவர்தான் அவனை நிலத்தில் விழுத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, சீனியை வாய்க்குள் அப்பினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “என்ன நடந்தது?” என்று கேட்டான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

முதல்நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து அவர் அதைத்தான் கேட்டார். “மேல வச்சு உனக்கு அப்பிடி வந்தா? பின்னால குந்தியிருக்கிற சனம் என்ன செய்யும்?”

“பக்கத்தில இன்னொரு பைலட் இருப்பான்.”

“அவனும் உன்னப்போல எதையாவது ஒளிச்சுக்கொண்டு வந்தவனா இருந்தா?”

“உங்களுக்கு விளங்காத விசயம் கதைக்காதீங்க, வாப்பா. மூட்டை தூக்கிறதும் விமானம் ஓட்டுறதும் ஒண்டில்ல.”

“ஓம். நான் மூட்டையப் போட்டா என்ர கால் மட்டும்தான் முறியும்.”

உண்மையைச் சொன்னால் முஹம்மது தம்பிக்கும் ஆசை இருந்தது. துறைமுகத்தில் அவரோடு சுமக்கிறவர்களிடம், என்ர மகன் கப்பலுக்கு மேலால போவான், நிமிந்து பாருங்கடா என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். சொன்ன வாயை இனி எப்படி மூடுவது என்பதும் ஒரு பக்கம் இருந்தது. ஆகவேதான் இரண்டு வருசமாக ஒளிப்பதற்கு அவரும் துணை நின்றார். இன்றைக்கு மகனோடு போகிறவரும் அவர்தான். போகிற வழியில் ஏதும் நடந்தால் என்ன செய்வது என்பதைத்தான் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

கிண்ணியாவிலிருந்து சீனக்குடாப் பக்கம் போகப் பாதையில்தான் கடலைக் கடக்க வேண்டும். பாதை என்று அந்த ஊரார் சொல்வது தட்டையான பெரிய மிதவை. லொறியும் மாட்டு வண்டியும் மனிதரும் அதில்தான் ஏறுவார்கள். அன்றைக்கு விறகு ஏற்றிய லொறி ஒன்று ஏறும்போது பின்சில்லு பலகையில் சிக்கிக்கொண்டது. அதைத் தள்ளி, கிளப்பி, மறுபடி தள்ளி ஏற்றுவதற்குள் வெயில் உச்சிக்குப் போய்விட்டது. நோன்பாளிகள் எச்சிலை விழுங்கவும் மனமில்லாமல் நின்றார்கள்.

“டேய், இறக்குங்கடா லொறிய. நாங்க நோன்பு துறக்கிறதுக்கு முதல் அந்தக் கரைக்குப் போகவேணும்” என்றாள் தயிர்ச்சட்டிகளோடு குந்தியிருந்த ஆமினா உம்மா.

“உங்கட தயிர் புளிக்கிறதுக்கு முதல் போயிருவம், உம்மா” என்று லொறிக்காரன் சொல்ல, சிலர் சிரித்தார்கள். பாயிஸ் சிரிக்கவில்லை. பாதையின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. வெயிலுக்கு எல்லாருக்கும்தான் வியர்த்தது. ஆனால் முஹம்மது தம்பி அவனுடைய மேலுதட்டைப் பார்த்தார். அங்கே முத்து முத்தாக நின்றது.

“மகன், இஞ்ச வா. லொறி நிழலில இரு.”

“சும்மா இருங்க.”

அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவன் மஹ்ரூப். முஹம்மது தம்பி சட்டையை வாருக்கு மேலே இழுத்துவிட்டார். மஹ்ரூப் அவருடைய சகோதரியின் மகன். ஸுல்பிகாவுக்கு உரிமை மச்சான். சின்னதிலிருந்தே ஸுல்பிகா அவனுக்குத்தான் என்று பேச்சிருந்தது. பாயிஸ் விமானம் ஓட்டப் போனதும் உம்மு குல்சும் அந்தப் பேச்சை வெட்டிவிட்டாள். பைலட்டின் தங்கைக்கு மருந்துக் குப்பி கழுவுகிறவனா என்று அவள் கேட்டது ஊர் முழுக்கத் தெரியும். மஹ்ரூப் சீனக்குடாத் தளத்து மருத்துவ அறையில் உதவியாளனாக இருந்தான். டாக்குத்தர் வருகிற நாளில் நீல மருந்தைச் சூடாக்கிப் பார்த்து, நிறத்தைச் சொல்கிறவன் அவன்தான்.

“என்ன மாமா, பைலட்டர கூட்டிக்கொண்டு போறீங்களா?” என்றான் மஹ்ரூப். “இண்டைக்குச் சோதனைக்கு வாறார் எண்டு பேர் கண்டனான். துணைக்கு ஆள் வேண்டிய வயசு இன்னும் போகல்லயா?”

“உன்ர வேலையப் பார்” என்றார் முஹம்மது தம்பி.

“என்ர வேலையே அதுதானே, மாமா.”

ஒருவழியாகப் பாதை நகர்ந்தது. நடுக்கடலுக்கு வந்தபோது பாயிஸ் கம்பியை விட்டுவிட்டு லொறியின் சில்லில் கால் வைத்து ஏறப் பார்த்தான். முஹம்மது தம்பி கையைப் பிடித்தார். உதறினான்.

“நீ ஆர்? எடு கைய.”

“பாயிஸ், நான் வாப்பா.”

“வாப்பாவாம். நாத்தம். மூட்டைக்காரன்ட நாத்தம். போ தூர.”

தகப்பனை இப்படிச் சொல்வது ஒரு நாளும் நல்லதல்ல; நோன்பு நாளில் கேட்கவே வேண்டாம். லொறியின் மறுபக்கமிருந்து ஸைனுலாப்தீன் வந்தார். பள்ளிவாசல் மரைக்காயர், அதாவது நிருவாகத்தைப் பார்க்கிறவர். ஊரில் யார் நோன்பு பிடிக்கிறார், யார் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அவருடைய விரல் நுனியில்.

“இதுதான் கொழும்பில படிச்ச படிப்பா?” என்றார் அவர்.

பாயிஸ் அவரையும் ஏதோ சொன்னான். நாக்குக் குழறி, சொல் விளங்கவில்லை. முழங்கால் மடிந்து பலகையில் விழுந்தான். ஆமினா உம்மா தயிர்ச்சட்டியை விட்டுவிட்டு எழுந்தாள்.

“அவனத் திட்டாதீங்க. பிள்ளைக்கு நோன்பு தலைக்கு அடிச்சிட்டு. தண்ணி தெளியுங்க, தண்ணி.”

யாரோ கடல் தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் அடித்தார்கள். ஒருவர் சால்வையால் விசிறினார். முஹம்மது தம்பி முழங்காலில் விழுந்து, வாரிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அவசரத்தில் கொஞ்சம் பலகையில் சிந்தியது. ஸைனுலாப்தீன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“என்னத்தத் திணிக்கப் போறாய்?”

“சீனி. விடுங்க, மரைக்காயர்.”

“நோன்பு பிடிச்ச பிள்ளை. மயக்கத்திலயும் அவன்ட நோன்பு கிடக்கு. நீ யார் அத முறிக்க?”

“நோன்ப விடுங்க. உயிர் போகுது.”

“ஒரு மயக்கத்துக்கு உயிர் போகுமா? நாங்களெல்லாம் பிடிச்சு வளந்தவங்கதான். மகன விடத் தகப்பனுக்குப் பசி பொறுக்கல்ல போல கிடக்கு” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. “துறைமுகத்துச் சீனி. வார் நிறைய வச்சிருக்கிறார்” என்று இன்னொரு குரல். நாலைந்து கைகள் முஹம்மது தம்பியின் தோளில் விழுந்தன. சுமக்கிறவர்தான், ஆனாலும் நாலைந்து பேரை உதற முடியவில்லை. பலகையில் கிடந்தவன் பல்லைக் கடித்தபடி, “நான் நோன்பு, நான் நோன்பு” என்று முனகினான். அதைக் கேட்டதும் கூட்டத்துக்கு அவன் மேல் இரக்கம் கூடியது. தகப்பன் மேல் வெறுப்பும் கூடியது.

மஹ்ரூப் அசையாமல் நின்று பாயிஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வியர்வையைப் பார்த்தான். நடுங்குகிற விரல்களைப் பார்த்தான். பிறகு மாமனைப் பார்த்தான்.

“மாமா, நோன்பு மயக்கமெண்டா தண்ணி தெளிச்சாக் காணும்” என்றான். “வேற என்னவும் வருத்தமெண்டா வாயத் திறந்து சொல்லுங்க. சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்.”

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, அவர் வாயாலேயே கேட்க நிற்கிறான். முஹம்மது தம்பி அவனைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லாம் கிண்ணியா முகங்கள். ஒரு சொல் விழுந்தால் நோன்பு துறக்கும் முன்னால் அது எல்லா வீட்டுக் குசினிக்கும் போய்விடும். மகனின் கண் மேலே சொருகி வெள்ளை தெரிந்தது.

“சீனி வருத்தம்” என்றார். “அவனுக்குச் சீனி வருத்தம். ஊசி போடுறவன். நோன்பு பிடிக்கல்ல. விடுங்க என்னை.”

விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். பிடி இன்னும் இறுகியது.

“சீனி வருத்தக்காரனுக்குச் சீனியா?” என்றார் ஸைனுலாப்தீன். “உனக்குப் பைத்தியமா?”

“அல்லாஹ்வே, என்ர புருஷன் சீனி தின்டுதான் கால் அழுகி மவுத்தானவர்” என்று ஆமினா உம்மா தலையில் கை வைத்தாள். “குடுக்க விடாதீங்க. பெத்த பிள்ளைய நஞ்சு குடுத்துக் கொல்லப் பாக்கிறான் மனிசன்.”

இதை முஹம்மது தம்பி எதிர்பார்க்கவில்லை. ஒளித்ததைச் சொல்லியும் பயனில்லை. சொன்னதே அவருக்கு எதிராகத் திரும்பியது. ஊசி, இறக்கம், ஏற்றம் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தார். மூச்சுத்தான் வாங்கியது. அந்தப் பாதையில் அதைச் சரியென்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மஹ்ரூப்” என்றார். “நீ சொல்லு. உனக்குத் தெரியும்.”

மஹ்ரூப் கட்டிய கையை எடுக்கவில்லை.

“மஹ்ரூப். உன்ர மாமிட மகன்டா.”

“மாமிட மகன் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுதா, மாமா?” என்றான் அவன். ஆனால் பாயிஸின் கால் வெட்டி இழுக்கத் தொடங்கவும் அவன் முகம் மாறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “விடுங்க மாமாவ. குடுக்கட்டும். ஊசி கூடினா இப்பிடித்தான். இப்ப சீனி போகாட்டி ஆள் முடிஞ்சு. மரைக்காயர், கைய எடுங்க.”

கைகள் விலகின. முஹம்மது தம்பி மகனுடைய தலையை மடியில் வைத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே சீனியை விரலால் அப்பினார். கடித்தான். விரலில் இரத்தம் வந்தது. இன்னும் அப்பினார். மஹ்ரூப் பக்கத்தில் குந்திக் கன்னத்தைத் தேய்த்தான். பாதை கரையில் மோதிய நேரத்தில் பாயிஸ் கண்ணைத் திறந்தான். முதலில் அவன் கண்டது தன்னுடைய சட்டையில் கொட்டிக் கிடந்த சீனியை. பிறகு மஹ்ரூப்பை.

“போட்டீங்களா?” என்று வாப்பாவைக் கேட்டான்.

“போட்டன்.”

“போடாதீங்க எண்டு சொன்னன்.”

“சொன்னாய்.”

கரையில் இறங்கிய சனம் பஸ்ஸுக்குப் போகாமல் தள்ளித் தள்ளி நின்று பார்த்தது. ஸைனுலாப்தீன் மட்டும் கிட்ட வந்து, “இவ்வளவு காலமும் ஊரை ஏமாத்தியிருக்கிறாய், தம்பி” என்று முஹம்மது தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். மஹ்ரூப் வேலியோர நிழலுக்கு அவர்களை அழைத்தான். அவன் குரல் இப்போது மெதுவாக இருந்தது. அதுதான் முஹம்மது தம்பிக்குப் பயத்தைக் கொடுத்தது.

“டாக்குத்தருக்குத் தெரியாது” என்றான். “பாதையில வந்தவங்க ஒருத்தரும் தளத்துக்குள்ள வரப்போறதில்ல. குழாயைச் சூடாக்கிறது நான். நிறம் சொல்லுறது நான். நீலம் எண்டா நீலம்.”

பாயிஸ் நிமிர்ந்தான். “செய்வியா, மச்சான்?”

“செய்வன். ஸுல்பிகாவ முதல் பேசின மாதிரி எனக்குத் தாங்க. இனி வேற ஆர் கேப்பாங்க எண்டு யோசிச்சுப் பாருங்க. பின்னேரத்துக்கு முதல் ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும், அந்த வீட்டில சீனி வருத்தம் எண்டு. நான் எல்லாம் தெரிஞ்சும் கேக்கிறன்.”

“ஓம் எண்டு சொல்லுங்க, வாப்பா” என்றான் பாயிஸ்.

முஹம்மது தம்பி மகனுடைய வாயைப் பார்த்தார். உதட்டோரத்தில் சீனி இன்னும் ஒட்டியிருந்தது. தங்கையைப் பற்றி ஒரு கணமும் யோசிக்காத வாய்.

“அவளக் கேக்காமலா?” என்றார்.

“அவள என்னத்துக்குக் கேக்க? இவன் என்ன, அயல் ஆளா? முதல் பேசினதுதானே. ஓம் எண்டு ஒரு சொல்லு. என்ர வாழ்க்க, வாப்பா.”

“மஹ்ரூப்” என்றார் முஹம்மது தம்பி, “நீ பொம்பிள கேட்டு வீட்டுக்கு வந்திருந்தா, இண்டைக்கு நீ செஞ்ச உதவிக்கு நானே அவளோட கதைச்சிருப்பன். நீ அப்பிடிக் கேக்கல்ல. பாதையில அவன் கால் இழுக்கிற மட்டும் நீ நிண்டு பாத்தனி. நாளைக்கு என்ர மகளுக்கு ஒண்டெண்டாலும் நீ அப்பிடித்தான் நிண்டு பாப்பாய்.”

மஹ்ரூப்பின் முகம் கறுத்தது. “அப்ப நான் உள்ளதத்தான் சொல்லவேண்டி வரும்.”

“நீ சொல்லத் தேவையில்ல.”

முஹம்மது தம்பி பஸ்ஸைப் பார்க்கவில்லை. தார் றோட்டில் விமானத்தளத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார். பாயிஸ் பின்னால் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். தையல் கிழிந்தது. அவர் நிற்கவில்லை. “நில்லுங்க. வாப்பா, நில்லுங்க. உங்களுக்கு என்னில எரிச்சல். மூட்டைக்காரன்ட மகன் மூட்டைக்காரனாத்தான் இருக்கவேணும் உங்களுக்கு” என்று மகன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். பாதையில் தன்னுடைய தோளில் விழுந்த கைகளை அவர் நினைத்துக்கொண்டு நடந்தார். கடலுக்கு மேலே மிதக்கிற பலகையில், இத்தனை சனம் சுற்றி நிற்க, பக்கத்தில் வருத்தம் தெரிந்த ஆள் ஒருத்தன் இருக்க, ஒரு கைப்பிடி சீனியைக் கொடுப்பதற்கு அவர் பட்ட பாடு. மேலே வானத்தில் யார் இருப்பார்?

டாக்குத்தர் வயதானவர். வெள்ளைக் காற்சட்டை போட்டு, மேசைக்குப் பின்னால் கதிரையில் சாய்ந்திருந்தார். கிழிந்த சட்டையோடு ஒரு கூலியாள் முன்னுக்கு வருவதைக் கண்டதும், “வெளியில நில்லு” என்றார். முஹம்மது தம்பி நிற்கவில்லை. தன்னுடைய மகனுக்குச் சீனி வருத்தம் என்றும், இன்சுலின் ஊசி போடுகிறவன் என்றும், வழியில் விழுந்தான் என்றும் சொன்னார். வாசலில் நின்ற பாயிஸ் பொய் என்று ஒரு தடவை சொன்னான். ஆனால் அவன் சட்டை முழுக்கச் சீனி.

டாக்குத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எவ்வளவு காலமா?”

“ரெண்டு வருசம்.”

“ரெண்டு வருசமா இவர் தனியா விமானம் ஏத்தினவரா? ஊசியோட? இவ்வளவு காலமும் மூடிக் கிடந்த வாய் இண்டைக்கு ஏன் திறந்தது? உங்களுக்குள்ள ஏதும் சண்டையா?”

“பாதையில திறக்கவேண்டி வந்திச்சு, ஐயா.”

“நல்ல ஆக்கள்” என்றார் டாக்குத்தர். “ஒரு விமானம் ஊருக்கு மேல விழுந்த பிறகு வந்து சொல்லியிருக்கலாமே.” பிறகு பாயிஸுடன் இங்கிலீசில் பேசினார். நீண்ட பேச்சு. முஹம்மது தம்பிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாயிஸ் பையிலிருந்து சின்னச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். தனியாக ஓட்டுவதற்கு அவனுக்கு முன்பு கொடுத்த அனுமதி அது. டாக்குத்தர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். “வெளியில கூட்டிக்கொண்டு போய் ஆளுக்குச் சாப்பாடு குடு” என்றார் முஹம்மது தம்பியிடம். “இன்னொருக்கா விழப்போறான்.”

உள்ளே வந்துகொண்டிருந்த மஹ்ரூப் சுவரோடு ஒதுங்கி வழி விட்டான். ஒருவரையும் பார்க்கவில்லை.

சந்தியில் அன்னலட்சுமி என்ற மனிசியின் சாப்பாட்டுக் கடை இருந்தது. நோன்பு மாதத்துக்கு மரியாதையாக வாசலில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தாள். முஹம்மது தம்பி மகனைத் திரைக்கு உள்ளே இருத்தி, இடியப்பமும் சொதியும் வைக்கச் சொன்னார். தான் எதிரே உட்கார்ந்தார். தண்ணீரும் தொடவில்லை. அவர் நோன்பு.

“உங்களுக்கு, அண்ணை?” என்றாள் அன்னலட்சுமி.

“எனக்கு வேணாம், தங்கச்சி. இவருக்கு வைங்க.”

பாயிஸ் இடியப்பக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தின்” என்றார்.

“இதோட முடிஞ்சுது” என்றான் பாயிஸ். “நான் கொழும்புக்குப் போறன். மாமாட்டச் சொல்லுவன், ஆர் செஞ்சதெண்டு. நீங்க மவுத்தானாலும் நான் வரமாட்டன்.”

“போ. திண்டிட்டுப் போ.”

வெளியே கிண்ணியாப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தங்கள் கேட்டன. எல்லாம் பழகிய குரல்கள். பாயிஸ் எழுந்தான். ஒரே இழுவையில் சேலையைக் கயிற்றோடு அறுத்துக் கீழே போட்டான். வெயில் கடைக்குள் வந்து விழுந்தது. திரும்ப உட்கார்ந்து, றோட்டைப் பார்த்தபடி, இடியப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்தான்.

“பாக்கட்டும்” என்றான், வாய் நிறைய வைத்துக்கொண்டு. “சொன்னீங்கதானே எல்லாருக்கும். நல்லாப் பாக்கட்டும். முஹம்மது தம்பிட மகன் நோன்பு நாளில திண்டான் எண்டு.”

பஸ்ஸின் யன்னல்களில் தலைகள் எட்டின. வந்த காரியம் முடிந்து ஊர் திரும்பப் பெட்டியோடு நின்ற ஸைனுலாப்தீன் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுக் கடைப் பக்கம் வந்தார்.

“முஹம்மது தம்பி, திரையயாவது இழுத்து விடு. உனக்கு வெக்கமில்லாட்டியும் ஊருக்கு இருக்கு.”

“கிடக்கட்டும், மரைக்காயர்” என்றார் முஹம்மது தம்பி. “வருத்தக்காரன் தின்னுறான். நீங்க பஸ்ஸ விட்டிராதீங்க.”

பிறகு அன்னலட்சுமியின் பக்கம் திரும்பி, “இன்னும் ரெண்டு வைங்க, தங்கச்சி. சொதியும் விடுங்க” என்றார்.

“வேணாம்” என்றான் பாயிஸ்.

“காலம்பற ஊசி கூடப் போட்டிருக்கிறாய். உன்ர வாய் கேக்காட்டியும் உன்ர உடம்பு கேக்கும். தின்.”

பாயிஸ் தின்றான். வாப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு வாயையும் மென்று தின்றான். அந்தக் கண்ணில் இருந்த பகையை முஹம்மது தம்பி முழுவதும் வாங்கிக்கொண்டு, அவனுடைய மேலுதடு காய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.